குளிர்காலத்துப் பழத் தேநீர்: எதை எப்போது போடுவது?

ஜெர்மனியில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே கிடக்கும். பனி பொழிந்தாலாவது பார்க்க வெளிச்சமாக இருக்கும். பல ஊர்களில் அதுவும் இல்லாமல் ஈரக்காற்றும் தூறலுமாகவே மாதம் கழியும். படிப்புக்காகவும் வேலைக்காகவும் அங்கே புதிதாகப் போன நம் பிள்ளைகள் அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் சந்தையில் ஆளுக்கொரு பீங்கான் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். சிலர் குவளையில் இருப்பது மசாலாப் பொருள் போட்டுச் சூடாக்கிய திராட்சை மது. குழந்தைகளும், வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர்களும், மது தொடாதவர்களும் குடிப்பது வேறு. பழத் தேநீரோடு ஆப்பிள் சாறும் ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கிராம்பும் சேர்ந்த சிவந்த பானம் அது. கடைப் பலகையில் கிண்டர்புன்ஷ் என்று எழுதியிருக்கும்.

அதை வீட்டில் எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அரை மணி நேரத்து வேலை. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு நிதானமாகப் பேசலாம்.

இதில் என்னென்ன போடுவது என்று கேட்பவர்கள் அதிகம். எதை எப்போது போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. சுவை முழுக்க அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. மரப்பட்டைக்கு ஒரு வேளை, உலர்ந்த பழத்துக்கு ஒரு வேளை, பிழிந்த சாற்றுக்கு ஒரு வேளை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கொதிக்க வைத்தால் கசப்பும் புளிப்பும் கலந்த ஒரு கஷாயம்தான் வரும். விலை உயர்ந்த பொருள்களைப் போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

முதலில் ஒரு வழக்கத்தை ஓரமாக வைக்க வேண்டும். நமக்குத் தேநீர் என்றால் பால். இதில் தேயிலையும் இல்லை, பாலும் கூடாது. பழத் தேநீர் கடுமையான புளிப்புள்ளது. பால் சேர்ந்தால் திரிந்துவிடும். பாத்திரமும் புளிப்பைத் தாங்குவதாக இருக்கட்டும். எவர்சில்வரோ எனாமலோ நல்லது. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளிப்பு அந்த உலோகங்களைக் கரைத்துக் குவளைக்குக் கொண்டுவரும்.

நான்கு பேருக்கு எழுநூறு மில்லி தண்ணீர் போதும். சுருள் பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கு, அன்னாசிப்பூ ஒன்று, இலேசாக நசுக்கிய ஏலக்காய் மூன்று, வில்லையாக அரிந்த இஞ்சி கொஞ்சம். இவற்றைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

பதினைந்து நிமிடம் ஏன்? பட்டை என்பது மரத்தின் உள்தோல். கிராம்பு, காய்ந்து இறுகிய பூமொட்டு. இவற்றின் மணம் எண்ணெயாகத் திசுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வெந்நீரை ஊற்றிய உடனே அது வெளியே வராது. தண்ணீர் உள்ளே ஊறி, திசு நெகிழ்ந்து, எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்துதான் வர வேண்டும். தூளாக்கிப் போட்டால் வேகமாக வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் பட்டைத் தூள் வெந்நீரில் கொழகொழப்பாகிப் பானத்தின் அடியில் வழவழவென்று தங்கும், வடிகட்டியிலும் நிற்காது. முழுதாகப் போடுவதே சரி.

மூடி ஏன் என்பது அதைவிட முக்கியம். இந்த எண்ணெய்கள் நீராவியோடு சேர்ந்து பறக்கும் இயல்புள்ளவை. கிராம்பு எண்ணெயை எடுப்பதற்கே மொட்டுகளின் ஊடாக நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பார்கள். திறந்த பாத்திரத்தில் பட்டையும் கிராம்பும் கொதிக்கும்போது அதே வேலைதான் நடக்கிறது, பிடிப்பதற்குத்தான் ஆளில்லை. வீடெல்லாம் மணக்கிறது என்று மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மணம் முழுவதும் குவளையில் இருந்திருக்க வேண்டியது. மூடியின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் திரண்டிருக்கும் நீரையும் பாத்திரத்துக்குள்ளேயே சிந்த விடுங்கள். அதிலும் மணம் இருக்கிறது.

பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இது உடல்நலத்தோடு சேர்ந்த விஷயம். கடைகளில் இரண்டு வகை இருக்கிறது. நம்மூர் மளிகைக் கடையில் பிரியாணிக்கென்று தரும் தடித்த, கெட்டியான பட்டை பெரும்பாலும் காசியா. இலங்கையில் விளையும் கறுவா இன்னொன்று. மெல்லிய தோல்கள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, பார்க்கச் சுருட்டைப் போல இருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். உலகச் சந்தைக்கு வரும் அசல் கறுவாவில் மிகப் பெரும்பகுதி இலங்கையிலிருந்துதான் போகிறது. இரண்டுக்கும் மணத்தில் உள்ள வேறுபாடு ஒரு பக்கம் இருக்கட்டும். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். கூமரின் அளவு மீறினால், அதற்கு எளிதில் பாதிக்கப்படும் உடல்வாகு உள்ளவர்களுக்குக் கல்லீரல் கெடும்.

ஜெர்மனியில் 2006 கிறிஸ்துமஸ் சமயத்தில் இது பெரிய பேச்சாக இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு சுடும் நட்சத்திர வடிவப் பட்டை பிஸ்கட்டுகளில் கூமரின் அதிகம் இருப்பது தெரியவந்தது. அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கணக்குப் போட்டுச் சொன்னது. தினந்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லாத அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 2 கிராம் காசியாத் தூளுக்குச் சமம். 15 கிலோக் குழந்தைக்கு அரை கிராம்தான். பட்டையை முழுதாகக் கொதிக்க வைத்து எடுத்துவிடும் பானத்தில் தூளை அப்படியே தின்பதைவிடக் குறைவாகவே கூமரின் இறங்கும். ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் குளிர்காலம் நான்கைந்து மாதம் நீளும் ஊரில், குழந்தைகளுக்குத் தினமும் கொடுக்கும் பானத்துக்கு, சுருள் கறுவாவையே வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஜெர்மனியில் ஈழத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதே அதுதானே.

கிராம்பு நான்கு என்றேன். எட்டு போட்டால் இரு மடங்கு நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கிராம்பின் உயிர் யூஜெனால். பல் வைத்தியர்கள் வலியை மரத்துப்போகச் செய்யப் பயன்படுத்தும் அதே பொருள். அளவு மிஞ்சினால் நாக்கு மரத்து, மற்ற எந்தச் சுவையும் தெரியாமல் போகும். நல்ல கிராம்பா என்று பார்க்க ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். எண்ணெய் நிறைந்தது அமிழும், அல்லது தலை மேலாகச் செங்குத்தாக நிற்கும். எண்ணெய் உறிஞ்சப்பட்ட சக்கை படுத்தவாக்கில் மிதக்கும். கிராம்பின் பூர்வீகம் இந்தோனேசியாவின் மலுக்கு தீவுகள் என்றாலும் நம் கன்னியாகுமரி மலைகளிலும் அருமையாக விளைகிறது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரிலிருந்து பெட்டி கட்டும்போது அதில் ஒரு பொட்டலம் எடுத்துப் போனால் இரண்டு குளிர்காலம் தாங்கும்.

அன்னாசிப்பூ தென்சீனத்திலும் வட வியட்நாமிலும் விளையும் மரத்தின் காய். ஒன்றே போதும், அதன் சோம்பு இனிப்பு மற்றவற்றை அமுக்கிவிடக்கூடியது. இதைப் போலவே தோற்றமளிக்கும் ஜப்பானிய இனம் ஒன்று உண்டு, அது நஞ்சு. எனவே இதை நம்பகமான கடையில், உணவுக்கென்று விற்பதாக மட்டும் வாங்க வேண்டும். இஞ்சியில் ஒரு நுட்பம் இருக்கிறது. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்செரால். காய்ந்து சுக்கானால் அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற கூடுதல் காரமான பொருளாக மாறுகிறது. நன்றாக வேகும்போது ஜிஞ்செராலின் ஒரு பங்கு காரம் தணிந்து, இனிப்பு மணம் உள்ள வேறொன்றாகிறது. பழத்தோடு சேர வேண்டிய பானத்துக்கு வெந்த பச்சை இஞ்சிதான் பொருந்தும். சுக்கு தொண்டையைப் பிடிக்கும். அதன் இடம் மல்லிக் காப்பியில்.

கொதிக்கட்டும். அதற்குள் ஒரு கேள்வி. பட்டையும் கிராம்பும் ஏலமும் விளையாத ஐரோப்பாவில் இவையெல்லாம் எப்படிக் குளிர்காலத்தின் மணமாயின? மலபார்க் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலுக்குவிலிருந்தும் கிளம்பிய சரக்கு, பல கை மாறி வெனிஸ் நகரத்துக்கு வந்து சேரும். அங்கே ரியால்டோ பாலத்தை ஒட்டி ஜெர்மன் வணிகர்களுக்கென்றே பெரிய பண்டகசாலை இருந்தது. அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நியூரெம்பெர்க் போன்ற வணிக நகரங்களுக்குப் போகும். அந்நகரத்தின் தேன் மசாலா ரொட்டி இன்றும் பேர்போனது. அத்தனை தூரம் கடந்து வந்த பொருளைச் சாதாரண வீடுகளில் அன்றாடச் சமையலில் போட முடியவில்லை. திருநாளுக்கென்று வைத்திருந்தார்கள், ஆண்டின் பெரிய திருநாள் கடுங்குளிரில் வந்தது. டிரெஸ்டன் நகரின் கிறிஸ்துமஸ் சந்தையான ஷ்ட்ரிட்செல் சந்தை 1434ஆம் ஆண்டிலேயே ஆவணத்தில் இருக்கிறது. இன்று பட்டையும் கிராம்பும் மலிந்துவிட்டன. பழைய தொடர்பு மட்டும் விடாமல் நிற்கிறது. ஜெர்மானியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிராம்பை முகர்ந்தால் அவருக்கு நினைவு வருவது டிசம்பர். நமக்கோ கல்யாண வீட்டுப் பந்தி.

பதினைந்து நிமிடம் ஆனதும் அடுப்பை அணையுங்கள். இப்போது பழத் தேநீரின் வேளை.

கடையில் வாங்கும்போது அட்டையின் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்து உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். முன்பக்கம் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி என்று படம் இருந்தாலும் பட்டியலின் தலையில் பெரும்பாலும் மூன்றே பொருள்கள் இருக்கும்: ஹிபிஸ்குஸ், காட்டு ரோஜாக் காய், ஆப்பிள் துண்டு. இதைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரைக்கும் ஒரு வழக்கு போயிருக்கிறது. டீகன்னெ நிறுவனம் குழந்தைகளுக்காக விற்ற பழத் தேநீரின் அட்டையில் ராஸ்பெரியும் வனிலாப் பூவும் படமாக இருந்தன. உள்ளே இரண்டும் இல்லை, இரண்டிலிருந்தும் எடுத்த மணமும் இல்லை. நுகர்வோர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. உட்பொருள் பட்டியல் சரியாகவே அச்சாகியிருந்தாலும், படமும் பெயரும் இல்லாத பொருளை இருப்பதாக எண்ண வைத்தால் அது வாங்குபவரை ஏமாற்றக்கூடியதே என்று 2015 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. பட்டியலைப் படிக்கும் பழக்கம் இருந்தால் நமக்குத் தீர்ப்பு தேவையில்லை. மேலும், அந்த எளிய மூன்றும் மட்டமான பொருள்கள் அல்ல. இந்தப் பானத்தின் உடம்பே அவைதான்.

ஹிபிஸ்குஸ் என்றதும் நம் வாசல் செம்பருத்தி நினைவுக்கு வரும். இது அதன் இதழ் அல்ல. நம் புளிச்சக்கீரையின் இனத்தைச் சேர்ந்த செடியில், பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு சிவந்து தடிக்கும் புல்லிவட்டம். சூடானிலும் எகிப்திலும் அதைக் கர்கதே என்ற பெயரில் சூடாகவும் குளிர்ச்சியாகவும் காலங்காலமாகக் குடிக்கிறார்கள். பழத் தேநீரின் அடர்ந்த சிவப்பும் கூரிய புளிப்பும் இதிலிருந்துதான். அந்தச் சிவப்பு புளிப்போடு கட்டுண்டது. ஜெர்மனியின் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் கடினநீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்பு புளிப்பைக் கொஞ்சம் முறிக்கும்போது நிறம் மங்கி ஊதா சாயும். சில சொட்டு எலுமிச்சை விட்டால் சிவப்பு திரும்பி வரும்.

காட்டு ரோஜாக் காயை ஹாகெபுட்டெ என்பார்கள். வேலியோரங்களில் இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் சிவப்பாகத் தொங்கும். உறைபனி பட்டால் நெகிழ்ந்து இனிப்பேறும். உள்ளே விதையைச் சுற்றியுள்ள மயிர் தொண்டையில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் அதை நீக்கி, மேல்சதையை மட்டும் உலர்த்துகிறார்கள். இதில் வைட்டமின் சி மிகுதி. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு வரத்து அற்றுப்போன பிரிட்டனில், இந்தக் காய்களை ஊர் ஊராகப் பறித்துச் சேர்த்துக் குழந்தைகளுக்குச் சிரப் காய்ச்சிக் கொடுத்தார்கள். ஆனால் உலர்த்தலிலும் வெந்நீரிலும் அந்த வைட்டமின் பெருமளவு அழியும். பழத் தேநீர் குடித்தால் வைட்டமின் கிடைக்கும் என்று நம்பிக் குடிக்க வேண்டாம். மென்மையான புளிப்புக்கும் வழவழப்பான நிறைவுக்கும் குடியுங்கள். ஆப்பிள் துண்டு இந்த இரண்டின் முனையையும் மழுக்கி இனிப்பைச் சேர்க்கிறது.

அணைத்த பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்ற சூட்டில் இருக்கும்போதே நான்கு தேநீர்ப் பைகளைப் போடுங்கள். உதிரியாக இருந்தால் மூன்று மேசைக்கரண்டி. மறுபடி மூடுங்கள். எட்டு முதல் பத்து நிமிடம் ஊறட்டும். பச்சைத் தேயிலைக்குச் சொல்வதைப் போல் ஆறிய நீரில், குறைந்த நேரத்தில் என்ற விதி இங்கே செல்லாது. ஜெர்மன் அட்டைகளில் ஓர் எச்சரிக்கையே அச்சிட்டிருக்கும்: எப்போதும் கொதிக்கும் நீரை ஊற்றி, குறைந்தது ஐந்து நிமிடம் ஊற விட வேண்டும், அப்போதுதான் அது பாதுகாப்பான உணவு. வயலில் விளைந்து, வெயிலில் காய்ந்து, வறுபடாமல் பைக்குள் வருகிற பொருள்களில் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதே காரணம். கெட்டிலில் எப்போதோ கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிக் குழந்தைக்குக் கொடுப்பது தவறு.

அதே நேரம், பைகளைப் போட்டபின் அடுப்பை மறுபடி எரிய விடவும் கூடாது. புல்லிவட்டத்தை நெடுநேரம் கொதிக்க வைத்தால் பல்லைக் கூச வைக்கும் புளிப்பும் துவர்ப்பும் இறங்கிவிடும். ஆப்பிளின் நறுமணம் பறந்துவிடும். பட்டைக்குத் தேவைப்பட்ட நீண்ட கொதி பழத்துக்குப் பகை.

ஆரஞ்சுத் தோலும் இந்த வேளையில்தான். உருளைக்கிழங்குத் தோல் சீவும் கத்தியால் இரண்டு பட்டையாக, மெல்லியதாகச் சீவுங்கள். மணம் இருப்பது மேலே உள்ள நிறமுள்ள தோலின் எண்ணெய்ப் பைகளில். அதற்கடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசப்பு. பழத்தின் மேல்தோலில் பூஞ்சைக்கொல்லியும் மெழுகும் பூசியிருக்கிறார்களா என்பது அங்கே வலையிலோ விலைப்பலகையிலோ குறிக்கப்பட்டிருக்கும். பூசியது என்றால் தோலை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் பயன்படுத்துங்கள். வெந்நீரில் கழுவிவிட்டால் போதும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

வடிகட்டியபின் சாறு. வடிகட்டாத கலங்கலான ஆப்பிள் சாறு முந்நூறு மில்லி, ஓர் ஆரஞ்சின் சாறு. தெளிந்த சாற்றைவிடக் கலங்கலானது நல்லது, பழத்தின் சதை அதில் மிச்சம் இருக்கும். ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்ட்டெஸ் லாண்ட் பகுதி முழுக்க ஆப்பிள் தோட்டங்கள். வட ஜெர்மனியில் இருப்பவர்களுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சாறே கிடைக்கும். எல்லாவற்றையும் பாத்திரத்தில் விட்டு, ஓரத்தில் சிறு ஆவி எழும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் புதுச் சாற்றின் மணம் போய், ஜாமின் மணம் வந்துவிடும். சர்க்கரை அநேகமாகத் தேவைப்படாது, சாற்றிலேயே 100 மில்லிக்குப் பத்து கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வேண்டுமானால் குவளையில் ஊற்றியபின் தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதிலுள்ள சில நுண்ணுயிர் வித்துகளை அந்த வயதுக் குடல் தாங்காது.

இவ்வளவும் செய்து குடித்தால் உடம்பு சூடாகிறதா?

கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 60 பாகை சூட்டில் 200 மில்லி பானம் நம் உடலின் 37 பாகைக்கு இறங்கும்போது தரும் வெப்பம் 4.6 கிலோ கலோரி. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 70 கிலோ கலோரி வெப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. ஆக ஒரு குவளைச் சூடு, உடல் நான்கு நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம்தான். அப்படியானால் அரை மணி நேரம் கதகதப்பாக உணர்வது எதனால்?

நரம்புகளால். நாக்கிலும் தொண்டையிலும் தோலிலும் சூட்டை உணர்வதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்று 43 பாகைக்கு மேல் சூடு பட்டால் திறந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மிளகாயின் காரமும் அதே ஏற்பியைத் திறக்கிறது என்று 1997இல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ். இந்தத் துறைப் பணிக்காக அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இஞ்சியின் ஜிஞ்செராலும் கிராம்பின் யூஜெனாலும் அந்த ஏற்பியோடு வினைபுரிகின்றன. கறுவாவின் மணப்பொருள் அதன் உறவான இன்னோர் ஏற்பியைத் தூண்டுகிறது. பானம் ஆறிய பிறகும் இவை நாக்கிலும் தொண்டையிலும் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். வெறும் வெந்நீர் தராத கதகதப்பை இந்தப் பானம் தருவது அதனால்தான். கறுவாவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கும் அதுவே காரணம். மணம் இறங்காத பானத்தில் வெப்ப உணர்வும் இறங்காது.

பக்கத்துக் குவளையில் உள்ள சூடான மதுவும் கதகதப்பைத் தருகிறதே என்றால், அது வேறு வழி. மது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் வெதுவெதுப்பு தெரிகிறது. ஆனால் அந்த வெப்பம் குளிர்காற்றுக்குப் போய்விடுகிறது. வெளியே நிற்கும் உடலுக்கு அது வரவு அல்ல, செலவு. சந்தையில் நெடுநேரம் நிற்கப் போகிறவர்களுக்குக் குழந்தைகளின் குவளையே மேல் என்பது என் உறுதியான கருத்து.

சூட்டிலும் ஓர் எல்லை உண்டு. 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கம் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் வகைப்படுத்தியது. ஊற்றி ஐந்து நிமிடம் குவளையைக் கையில் வைத்திருந்து பிறகு குடிக்கலாம். விறைத்த விரல்களுக்கும் அது நல்லது. புளிப்பு பல்லின் எனாமலை அரிக்கும். நாள் முழுக்கச் சிறுகச் சிறுக உறிஞ்சிக்கொண்டிருப்பதையும், குடித்த கையோடு பல் துலக்குவதையும் தவிருங்கள். குழந்தைக்குப் பால்புட்டியில் ஊற்றிக் கொடுத்துத் தூங்க வைப்பது பற்களைக் கெடுக்கும்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரண்டு குறிப்பு. ஹிபிஸ்குஸ் அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கக்கூடியது. கடையில் கிடைக்கும் மசாலாத் தேநீர் பலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் அதிமதுரம் அதற்கு நேர்மாறாக அழுத்தத்தை ஏற்றும். ஜெர்மன் அட்டையில் அது சூஸ்ஹோல்ட்ஸ் என்று இருக்கும். தினமும் குடிக்கும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்தால் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் குடிக்கலாம். மசாலாப் பொருள்களை உள்ளேயே விட்டு வைக்காதீர்கள், இரவெல்லாம் ஊறிய கிராம்பு கசக்கும். ஆனால் ஒரு லிட்டர் என்பது நான்கு பேருக்கான அளவு. விடுதியில் உங்கள் பக்கத்து அறையில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் மீதம் வைக்காமல் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள்.